புதிய மலிவு லெப்டொப்பா, பாவித்த நல்ல லெப்டொப்பா? 75,000 ரூபாவுக்கு ஒரு கணக்கு

2025 தீபாவளி முடிந்த அடுத்த வாரம், என்னிடம் படித்த மாணவி ஒருத்தி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தீபாவளி அட்வான்ஸில் மிச்சம் பிடித்தது, சீட்டு எடுத்த காசு, கொழும்பில் வேலை செய்யும் மாமா அனுப்பியது என்று எல்லாம் சேர்த்துக் கையில் 75,000 ரூபா. "இதுக்குள்ள ஒரு லெப்டொப் எடுக்கணும் சேர். புதுசு எடுக்கிறதா, பழசு எடுக்கிறதா?" என்றாள் பிள்ளை. அம்மா ஒன்றுதான் கேட்டார்: "பழசுன்னா யாரோ வேணாம்னு ஒதுக்கினது தானே சேர்? அது நாலு வருஷம் தாங்குமா?"

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. அந்த நேரத்துக் கணக்கில் 75,000 என்பது 55 நாள் முழுப்பேர், அதாவது 55 நாள் முழுச் சம்பளம். இரண்டு மாதத்துக்கு மேல் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற காசு. தவறான பொருளை வாங்கினால் திரும்ப ஒரு தடவை வாங்க முடியாது. அதனால் அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று நாள் கேட்டு, பார்த்து, கணக்குப் போட்டேன். இதே கேள்வியோடு இன்னும் நிறைய வீடுகள் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஹட்டனில் ஒரு கடையில் தவணைக்குப் புதிய லெப்டொப்: செலரோன் என்4020 புரொசசர் (லெப்டொப்பின் மூளை), 4 ஜிபி ரெம் (வேலை நடக்கும்போது பாவிக்கும் நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு. முற்பணம் கட்டி, மிச்சத்தை மாதா மாதம் கட்டி முடிக்கும்போது மொத்தம் 129,000 ஆகிறது. இரண்டாவது, அதே டவுனில் இன்னொரு கடையில் பாவித்த லெனோவோ திங்க்பேட் டி480: 8 ஜிபி ரெம், 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு), 72,000 ரூபா, 6 மாத வொரண்டி. மூன்றாவது, அதே டி480 கொழும்பு பம்பலப்பிட்டிப் பக்கத்தில் 64,000. நான்காவது, தெரிந்த ஒருவர் வீட்டில் சும்மா கிடக்கும் 4ஆம் தலைமுறை இண்டெல் ஐ5 புரொசசர் உள்ள லெப்டொப், 30,000.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது. 8,000 ரூபா கூடக் கொடுத்தாலும் ஹட்டனில் வாங்கு என்றேன். ஆனால் கடைக்காரர் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சோதித்துப் பார்த்த பிறகு மட்டும்.

முதலில் அம்மாவின் கேள்வி. டி480, டெல் லட்டிடியூட் 5490, எச்பி எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் 2018இல் வந்தவை. கம்பனிகளுக்காகச் செய்யப்பட்டவை. வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்கள் இப்படிப்பட்டவற்றை நூற்றுக்கணக்கில் எடுத்து, மூன்று நான்கு வருடம் பாவித்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடும். பழுதாகித்தான் ஒதுக்கினார்கள் என்று இல்லை, தவணை முடிந்தது, அவ்வளவுதான். அதைத்தான் கொள்கலனில் ஏற்றி நம் நாட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். கீல் உறுதியானது. அடிமூடியைக் கழற்றினால் ரெம், எஸ்எஸ்டி, பெட்டரி எல்லாம் தனித்தனியாக மாற்றலாம். உதிரிப்பாகமும் ஊரெல்லாம் கிடைக்கும், ஏனென்றால் அதே மொடல் ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன்: இது ஒதுக்கினது இல்லைம்மா, ஒருத்தர் ஓட்டி முடிச்ச நல்ல லொறி மாதிரி. இஞ்சின் பார்த்து எடுத்தால் இன்னும் ஓடும்.

இனி அந்தப் புதியது. பெட்டி பிரிக்காதது, பெட்டரி புதிது, ஒரு வருட வொரண்டி. இவை சின்ன விஷயங்கள் இல்லை, அம்மா அதைத்தான் விரும்பினார். ஆனால் விண்டோஸ் 11 ஓடுவதற்கு ஆகக்குறைந்தது வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்லும் அளவே 4 ஜிபி ரெம்மும் 64 ஜிபி சேமிப்பும்தான். அந்தப் புதிய லெப்டொப் முதல் நாளே ஆகக் கீழ்ப் படியில் நிற்கிறது. நாலு வருடப் படிப்பில் மேலே போக வேண்டிய பொருள் அது, ஆனால் போக வழியில்லை. இந்த விலையில் வருபவற்றில் பெரும்பாலும் ரெம்மும் சேமிப்பும் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், கழற்றி மாற்ற முடியாது. விண்டோஸும் ஒஃபிஸும் அப்டேட்டும் சேர்ந்து அந்த 64 ஜிபியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அப்புறம் ஸூம் வகுப்பு ஒன்றைத் திறந்து, பக்கத்தில் வேர்ட் ஒன்றையும் நாலு இணையப் பக்கத்தையும் திறந்தால் மூச்சுத் திணறும்.

என்4020இல் இரண்டு கோர், அதாவது வேலை செய்ய இரண்டு கை. டி480இல் வரும் ஐ5-8350யூவில் நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). ஒன்று 2019இல் வந்த மலிவு ரகம், மற்றது அதற்கு முன் வந்த நல்ல ரகம். வயதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். டி480இல் இரண்டு ரெம் வாசல் இருக்கிறது. 8 ஜிபி ஒரே குச்சியாகப் போட்டிருந்தால் மற்ற வாசல் காலி, பிறகு கையில் காசு வரும்போது இன்னொன்று போடலாம். 2025 கடைசியில் ரெம் விலை உலகம் முழுக்க ஏறத் தொடங்கியது. ஆகவே 4 ஜிபியை இப்போது மலிவாக எடுத்து, பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று யோசிக்க வேண்டாம். 8 ஜிபி உள்ளேயே இருக்கிற மாதிரி வாங்குவதுதான் சரி.

தவணையைப் பற்றி ஒரு சொல். மாதக் கட்டணம் சின்னதாகத் தெரியும். ஆனால் மழைக்காலத்தில் கொழுந்து குறைந்து, அரைப்பேர் விழுகிற மாதத்திலும் அதைக் கட்ட வேண்டும். அந்த அம்மாவின் சம்பளச் சீட்டில் ஏற்கெனவே அட்வான்ஸ் கழிவு இருக்கிறது. அதற்கு மேல் இன்னொன்றை ஏற்ற நான் சம்மதிக்கவில்லை.

அடுத்தது, பாவித்ததிலேயே எதை எடுப்பது என்பது. விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் வரை ஒரு வருட நீடிப்பு. விண்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் முறைப்படி ஆதரிப்பது, இண்டெலில் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையிலிருந்துதான். இதனால்தான் 6ஆம், 7ஆம் தலைமுறை லெப்டொப்கள் கடைகளில் குவிந்து மலிவாகியிருக்கின்றன. "விண்டோஸ் 11 போட்டுத்தான் தருகிறோம்" என்று கடையில் சொல்வார்கள். பொய் இல்லை, சோதனையைத் தாண்டிப் போடுகிற வழி இருக்கிறது. ஆனால் அப்படிப் போட்டதற்குப் பின்னால் அப்டேட் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

எனவே திரையில் ஓடுகிற விண்டோஸைப் பார்க்காமல் புரொசசர் எண்ணைப் பாருங்கள். ஐ5க்குப் பிறகு வரும் நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் பொதுவாகத் தலைமுறை. 8350 என்றால் 8, 7300 என்றால் 7. ஐந்து இலக்கமாக 10210 என்று இருந்தால் 10. மொடல் பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம். டி480, லட்டிடியூட் 5490, எலைட்புக் 840 ஜி5 மூன்றிலுமே 7ஆம் தலைமுறை போட்டு வந்தவையும் இருக்கின்றன. வெளியில் பார்த்தால் ஒரே மாதிரி. கடையில் இரண்டும் ஒரே விலைக்கு அடுக்கியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். திரையும் அப்படித்தான். 1366க்கு 768 என்கிற மங்கல் திரையும் வரும், 1920க்கு 1080 என்கிற நல்ல திரையும் வரும். அமைப்புகளில் டிஸ்பிளே பக்கத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். நாலு வருடம் எழுத்துப் படிக்கப் போகிற பிள்ளைக்குக் கண் முக்கியம்.

மலையகத்தில் எனக்குப் பெரிய கவலை பெட்டரி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறக்கவில்லை. இப்போது அப்படி இல்லை என்றாலும், ஒரு மரக்கொப்பு விழுந்தால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கரண்ட் வர மறுநாள் ஆகும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இடிக்கும்போது பிளக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பெட்டரி செத்த லெப்டொப் அந்த நேரம் வெறும் பலகை.

கடைக்காரர் "மூன்று மணி நேரம் நிற்கும்" என்பார். விண்டோஸிலேயே பெட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை ஒன்று உண்டு, தெரியாவிட்டால் கடைக்காரரிடமே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் இரண்டு எண் முக்கியம்: செய்யும்போது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறுகிற கொள்ளளவு. நாங்கள் பார்த்த டி480இல் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பெட்டரி. உள்ளே இருந்தது 24,000இல் 17,500, அதாவது 73 வீதம். பரவாயில்லை. வெளியில் இருந்தது பாதிக்கும் கீழே. பிள்ளை அதைக் காட்டி, "அண்ணே, இது செத்த பெட்டரி" என்றாள். அவரும் மறுக்கவில்லை. உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்து மாட்டினார். அதைப் பார்த்தோம், 81 வீதம். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் வந்திருந்தால் முதல் மாதத்திலேயே பெட்டரிக்குத் தனியாகக் காசு தேட வேண்டியிருந்திருக்கும். என் அளவு இதுதான்: 60 வீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பெட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள், அல்லது மாற்றிக் கேளுங்கள். எண்ணைப் பார்த்த பிறகும் சார்ஜரைக் கழற்றி அரை மணி நேரம் வீடியோ ஓட விடுங்கள். 100இலிருந்து 80க்கு இறங்கினால் இரண்டரை மணி நேரம் தாங்கும். 55க்கு விழுந்தால் அந்த அறிக்கையை நம்ப வேண்டாம்.

அந்த அரை மணி நேரத்தில் மற்றதைப் பார்க்கலாம். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து திரையில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். நோட்பேடில் எல்லாக் கட்டையையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். பிரான்ஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருபவற்றில் எழுத்துகள் இடம் மாறி அச்சாகியிருக்கும், மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். பாமினி தட்டச்சு முறையில் கை பழகியவர்களுக்கு அது பெரிய தொல்லை. கமரா, மைக், வைஃபை மூன்றையும் ஒரு வட்ஸ்அப் வீடியோ அழைப்பில் பார்த்துவிடலாம். டி480இல் டைப்-சி வாசலில் சார்ஜ் ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். 2017 முதல் 2019 வரை வந்த சில திங்க்பேட்களில் அந்த வாசலை இயக்கும் தண்டர்போல்ட் மென்பொருளின் குறையால் அந்த வாசல் பழுதாவது உண்டு. அதற்குத் திருத்தம் வந்துவிட்டது, ஆனால் எல்லோரும் போட்டிருக்க மாட்டார்கள். டெல் எடுத்தால் சார்ஜரைப் பாருங்கள். கம்பனிச் சார்ஜர் இல்லை என்று லெப்டொப்புக்குத் தெரிந்தால் திரையில் எச்சரிக்கை காட்டும், சார்ஜ் ஏறாமலும் விடலாம்.

எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைக் காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை நான் பென்டிரைவில் வைத்திருக்கிறேன், போட்டால் வீதமும் ஓடிய மணி நேரமும் வந்துவிடும்.

பலர் பார்க்காமல் விடுவது பூட்டு. கம்பனி லெப்டொப்பில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பு) கடவுச்சொல் இருக்கலாம். லெப்டொப்பைத் தொடங்கும்போது பயாஸுக்குள் போய், அமைப்பை மாற்ற விடுகிறதா என்று பாருங்கள். இதைவிட மோசமானது, பழைய கம்பனியின் கணக்கில் இன்னும் பதிவாகியிருப்பது. கடையில் விண்டோஸ் போடும்போது இணையம் இல்லாமல் போட்டால் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பிள்ளை பதுளையில் இருந்துகொண்டு விண்டோஸை மீளப் போடும்போது, "இன்ன கம்பனிக்கு வருக" என்று ஒரு பக்கம் வந்து, அந்தக் கம்பனியின் மின்னஞ்சலைக் கேட்கும். அதற்கு மேல் போக முடியாது. ஆகவே கடையிலேயே லெப்டொப்பை ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹொட்ஸ்பொட்டை இணைத்து, முதல் பக்கத்திலிருந்து நீங்களே தொடங்குங்கள். கொஞ்சம் டேட்டா போகும், போகட்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கம்பனி லெப்டொப்பில் விண்டோஸ் உரிமம் போர்டுக்குள்ளேயே இருந்தால், ரீசெட் ஆனதும் தானாகவே அக்டிவேட் ஆகும். அது நடந்தால் பெரும்பாலும் களவு விண்டோஸ் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, கொழும்பில் 8,000 குறைவு என்றேனே. அதை ஏன் விட்டோம்?

2021இல், ஒன்லைன் வகுப்பு நடந்த காலத்தில், என் தங்கச்சிக்காகக் கொழும்பில் ஒரு கடையில் பாவித்த லெப்டொப் ஒன்று எடுத்தேன். விலை குறைவு என்று சந்தோஷமாக பஸ் ஏறினேன். மூன்றாவது வாரம் சார்ஜ் ஏறவில்லை. திரும்ப நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் போனேன். வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து எடுக்கப் போனால், பெட்டரி வொரண்டிக்குள் வராது என்றார்கள். பில்லின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அது இருந்தது, நான் வாசிக்கவில்லை. மூன்று பயணம், மூன்று நாள் விடுமுறை, தங்கச்சிக்கு ஒரு மாத வகுப்பு போனது. அந்த ஒரு மாதம் அவள் என் போனின் சின்னத் திரையில் கணிதம் படித்ததை நினைத்தால் இன்னும் மனம் கஷ்டப்படும்.

அந்த அம்மா கொழும்புக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும். கூட ஒருவர் போனால் இரண்டு நாள் பேர். பஸ் காசு, சாப்பாடு தனி. பழுதாகி இரண்டு தடவை போய் வந்தால் அந்த 8,000 கரைந்துவிடும். ஹட்டன் கடை என்றால், அம்மா ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும்போதே கொடுத்துவிடலாம். டவுனில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். கடைக்காரருக்கும் நாளைக்கு அடுத்த பிள்ளை வர வேண்டும் என்ற எண்ணம் இருக்கும். கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோ மாமாவோ அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே இருந்தால் கணக்கு மாறும், அப்போது கொழும்பிலேயே எடுங்கள்.

எங்கே எடுத்தாலும் பில் வேண்டும். அதில் மொடல், தொடர் இலக்கம், வொரண்டி எத்தனை மாதம், பெட்டரிக்கும் சார்ஜருக்கும் எத்தனை மாதம் என்று கையால் எழுதி வாங்குங்கள். லெப்டொப்பின் அடியில் இருக்கும் தொடர் இலக்கமும் பயாஸில் காட்டுவதும் ஒன்றா என்று பாருங்கள். கடை ஏமாற்றினால் முறையிட, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, தொலைபேசி இலக்கம் 1977. பில் இல்லாவிட்டால் அங்கே போயும் பேச்சுக்கு இடமில்லை.

நான்காவது வழியான 30,000 ரூபா லெப்டொப்பைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், தெரிந்தவர், பொருளும் சுத்தம். ஆனால் அது 2013, 2014 காலத்துப் புரொசசர். பெட்டரி ஐந்து நிமிடம். நாலு வருடப் பட்டப்படிப்புக்கு அது சரிவராது என்று அவரிடமே மரியாதையாகச் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். டெஸ்க்டொப் எடுத்தால் இதே காசுக்கு இன்னும் பலமானது கிடைக்கும், ஆனால் விடுதிக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு ரயில் ஏற முடியாது. போனை வைத்துச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு, 20 பக்க ஒப்படை ஒன்றை ஒரு தடவை போனில் அடித்துப் பார்க்கச் சொல்வேன்.

கையில் 35,000 மட்டும்தான் இருக்கிறது என்றால்? அப்போது 6ஆம் அல்லது 7ஆம் தலைமுறைக் கம்பனி லெப்டொப் ஒன்றை எடுத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், பாதுகாப்பு அப்டேட்டும் வரும். வேர்ட் மாதிரியான லிப்ரெ ஒஃபிஸில் எழுதலாம், யூனிகோட்டில் தமிழ் அடிக்கலாம், ஸூம் ஓடும். உயர்தரப் பிள்ளைக்கு அது போதும். ஆனால் உங்கள் பாடத்துக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதாவது வேண்டுமா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் புதியது எடுப்பது நியாயம்தான், 8 ஜிபி ரெம்மும் எஸ்எஸ்டியும் உள்ளதாக, வொரண்டி நிலையம் கண்டியிலாவது இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

டி480ஐ 70,000க்கு முடித்தோம். மிச்ச 5,000ஐ பைக்கும் மவுஸுக்கும் செலவழிக்க வேண்டாம் என்றேன். லயத்து வீட்டில் இருக்கும் பழைய இரண்டு ஓட்டைப் பிளக்கில் எர்த் இல்லை. அதில் மாட்டினால் உலோக உடம்புள்ள லெப்டொப்பைத் தொடும்போது கை கூசும், பொருளுக்கும் நல்லதில்லை. தோட்டத்தில் வயரிங் வேலை தெரிந்த தம்பி ஒருவர் வந்து, எர்த் கம்பி இறக்கி, மூன்று பின் சொக்கெட் ஒன்று போட்டுக் கொடுத்தார். மேசையை அடுப்பங்கரைச் சுவரிலிருந்து மறுபக்கம் மாற்றினோம். அடுப்புப் புகையும் கரியும் மின்விசிறிக்குள் போய் அடைத்தால் எந்த நல்ல லெப்டொப்பும் சூடாகிக் கெடும். மூடுபனிக் காலையில் ஜன்னலோரம் வைத்து ஈரம் பிடித்திருந்தால், துடைத்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை கொஞ்ச நேரம் விட்டு, அதற்குப் பிறகு போடச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா அதை இன்னும் துணியில் சுற்றித்தான் வைக்கிறார். மூடியிருக்கும்போது சுற்றுவது நல்லது, ஓடும்போது மட்டும் அடியில் துணி இருக்கக் கூடாது என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பினேன்.